பொம்பளப் புள்ளைக்குக் கப்பல் எதுக்கு

பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அதில் ஒருத்தி, எல்லோருமாக ஒரு மலர் போடலாம் என்றாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நடந்ததை ஆளுக்குப் பத்து வரியில் எழுதி அனுப்ப வேண்டும். படிப்பு, வேலை, குடும்பம். கடைசி வரியில் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறோம் என்றும் எழுத வேண்டுமாம்.

மற்றவர்கள் மளமளவென்று அனுப்பிவிட்டார்கள். கடவுளுக்கு, கணவருக்கு, மாமியாருக்கு என்று நன்றி வழிந்து ஓடியது. நானும் 'பி.காம்., ஷிப்பிங் ஆபீஸ், கணவருக்குச் சாகுபுரத்தில் வேலை, ஒரே மகள்' என்று அடித்தேன். நன்றி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நன்றி சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரிசையில் எல்லோருக்கும் முன்னால் கோபம் நிற்கிறது. பள்ளியை விட்ட வருஷத்திலிருந்து நிற்கிறது. அடித்ததை அழித்துவிட்டேன். பத்து வரிக்குள் அது அடங்காது.

என் அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வருவார். கரையில் இருக்கும் நாட்களில் வீட்டு முன்னறையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எப்படிப் பாய் வைத்தார்கள், கிழக்கே கொண்டல் காற்று திரும்பியபோது எங்கே ஒதுங்கினார்கள் என்று பேச்சு நீளும். அதே அறையில் மேசை போட்டு நான் படித்துக்கொண்டிருப்பேன். கண் புத்தகத்தில் இருக்கும். காது முழுக்க அங்கே இருக்கும். என் பூகோளப் புத்தகத்தில் இருந்த கடல் வரைபடத்தில் அவர்கள் சொன்ன இடங்களையெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து இணைத்திருந்தேன். அதை நான் யாரிடமும் காட்டியதில்லை.

கடலடியில் மூச்சடக்கி முத்தெடுத்த வம்சம் என்று பெருமை பேசாத ஆண் எங்கள் தெருவில் கிடையாது. அந்த வம்சத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் கரையில் நின்று ஜெபமாலை சொன்னார்கள் என்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இயற்பியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் வாங்கினேன். முடிவு வந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. கப்பல் அதிகாரி ஆவதற்கான படிப்பு. அடியில், சின்ன எழுத்தில், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அப்பா பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பேப்பரை அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"என்னளா இது?"

"கப்பல் படிப்புப்பா. முடிச்சா ஆபீசரா போலாம். பொம்பளப் புள்ளைகளும் சேரலாம்னு போட்டிருக்கான்."

அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். குசினியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, "ஏளா, கேட்டியா? உம் மவ தண்டலாப் போறாளாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைக்குக் கப்பல் எதுக்கு? மாசக்கணக்கா ஆம்பளைக கூட தண்ணிக்குள்ள கெடக்கணும், தெரியுமா? ரெண்டு நாள்ல வாந்தி எடுத்தே செத்துருவ. டைப் படி. பி.காம் படி. நல்ல இடத்துல கேட்டு வருவாக."

சொல்லிக்கொண்டே சீலா மீன் முள்ளை எடுத்து அந்த விளம்பரத்தின் மேல் ஒதுக்கினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தாள் கிடந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் சொன்ன சொல்லைவிட அந்த முள்தான் எனக்குள் ஆழமாகப் போனது. சாப்பாடு முடிந்ததும் அம்மா பேப்பரோடு முள்ளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பூனைக்குப் போட்டாள்.

நான் பி.காம் சேர்ந்தேன்.

என் தம்பி எனக்கு ஒரு வயது இளையவன். அடுத்த வருஷம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தான். அதே மாதத்தில் அதே விளம்பரம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அப்பாவே அதைக் கத்தரித்து எடுத்து வைத்தார். விண்ணப்பம் வந்ததும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"உன் கையெழுத்து நல்லாருக்கும். தம்பிக்கு நீயே எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, தந்தை தொழில் என்று ஒவ்வொரு கட்டத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். அதோடு முடியவில்லை. நுழைவுத் தேர்வுக்கு அவனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மூன்று மாதம், தினமும் கல்லூரி விட்டு வந்ததும். அவனுக்கு ஏறவில்லை. நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கு யோசித்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. நல்ல அக்கா என்று நாலு பேர் சொல்வது அப்போது எனக்குத் தேவைப்பட்டது போல.

அவனுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடித்துக் கப்பலேறப் போன அன்று தெருவே ரயில் நிலையத்துக்கு வந்தது. பங்குச்சாமி வந்து நெற்றியில் சிலுவை போட்டார். அப்பா அவன் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். என்னிடம் மக்ரூன் டப்பாவைக் கொடுத்து, அவன் கையில் கொடுக்கச் சொன்னார்கள்.

எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். ஆள் பாதியாக இருந்தான். முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. கப்பலில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வாந்தி. அதைவிடப் பயம். இனி போகமாட்டேன் என்று ஒரே பிடி. அப்பா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பாவம் பிள்ள. எல்லா ஒடம்புக்கும் கடல் ஒத்துக்கிடாது. போட்டும், விடு."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். "எனக்கு ஒத்துக்கிடாதுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அவனே நொந்து கெடக்கான். இப்பப் போயி உன் கதைய எடுக்க."

என் கதை. அந்த வீட்டில் அதற்கு அப்படித்தான் பெயர்.

தம்பி பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்தான். இப்போது நன்றாக இருக்கிறான். பல வருஷம் கழித்து, ஒருநாள் என் போனைப் பழுதுபார்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான். "அக்கா, எனக்குக் கப்பல் புடிக்கவே புடிக்காது. அன்னைக்கும் புடிக்காது. என்னிய யாரும் கேக்கல."

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "உன்னக் கேக்காமக் குடுத்தாங்க. என்னக் கேக்காமப் பிடுங்குனாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லலே." அவன் போனைத் துடைத்துக் கையில் கொடுத்தான்.

பி.காம் முடித்ததும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தைந்து வருஷமாக அதே ஆபீஸ். கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்கு முன்பே அதன் காகிதங்கள் என் மேசைக்கு வந்துவிடும். என்ன சரக்கு, எத்தனை ஆள், எந்த நாட்டுக் கொடி, எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். மாலுமிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது யாருக்குக் கடலில் வைத்துப் பிறந்தநாள் வருகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். கப்பல் கிளம்புவதற்கான காகிதங்களும் என் கை வழியாகத்தான் போகும். ஆனால் அந்தக் காகிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு போகிறவன் போர்டிங் கிளார்க். அந்த வேலைக்கு ஆண்களை மட்டும்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்த எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது நான். சரக்குப் பட்டியலுக்குத்தான் மேனிஃபெஸ்ட் என்று பெயர் என்றுகூடத் தெரியாமல் வந்தவர்கள், ஆறு மாதத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கப்பலேறிப் போய், கேப்டன் கொடுத்த சாக்லேட்டைக் கொண்டுவந்து எனக்குக் கொடுப்பார்கள். "மேடத்துக்கு" என்பார்கள். அதில் ஒருவர் இன்றைக்கு எனக்கு மேனேஜர்.

ஒரே ஒரு தடவை நான் கப்பலேறினேன். வேலைக்குச் சேர்ந்த பத்தாவது வருஷமோ என்னவோ. போர்டிங் கிளார்க்குக்கு அம்மை போட்டிருந்தது. மேனேஜர் சென்னைக்குப் போயிருந்தார். மதியம் கிளம்ப வேண்டிய கப்பலில் மாலுமிப் பட்டியலில் ஒரு பாஸ்போர்ட் எண் தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். கேப்டனின் புதுக் கையெழுத்து இல்லாமல் கப்பல் நகராது. போக ஆளில்லை. நானே துறைமுகத்துக்கு ஒரு நாளைக்கான பாஸ் எழுதி வாங்கி, ஆபீஸ் ஜீப்பில் ஏறினேன். டிரைவர் அண்ணாச்சி துறைமுக வாசலில் நிறுத்தி, "நீங்களா போறீக?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கேங்வே ஏணி ஒவ்வொரு படிக்கும் ஆடியது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட் கண்ணை மறைத்தது. கேப்டன் ஏதோ குளிர்தேசத்துக்காரர், வயதானவர். கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு மாலுமியைக் கூப்பிட்டு, என்னை மேலே கப்பல் ஓட்டும் அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

நாலு நிமிஷம் இருந்திருப்பேன். மேலிருந்து பார்த்தால் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பழைய துறைமுகத்தில் தோணிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மேசைமேல் கடல் வரைபடம் விரித்திருந்தது. அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். என்னால் அதை வாசிக்க முடிந்தது. எந்தப் பக்கம் திரும்பி எங்கே ஆழம் பார்த்துப் போகப்போகிறார்கள் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இது எனக்கு வரும், இது எனக்கு வந்திருக்கும் என்று மண்டைக்குள் ஒரே சத்தம்.

மறுநாள் சென்னையிலிருந்து வந்த அப்போதைய மேனேஜர் என்னை நிற்கவைத்துத் திட்டினார். கப்பல் நேரத்துக்குக் கிளம்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "யாரக் கேட்டு ஏறுனீங்க? கால் வழுக்கி விழுந்திருந்தா யார் பதில் சொல்றது? லேடீஸ் ஆபீஸ்ல இருந்தாப் போதும்." நான் "சாரி சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளை இப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். திட்டு வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "நீ சொல்லுதது சரிதான்" என்றார். அவருக்கு எல்லாமே சரிதான். நான் அழுதால் அழுவது சரிதான், அவருடைய அம்மா என்னைத் திட்டினால் அதுவும் சரிதான். அவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி. நமக்குத்தான் கை வலிக்கும்.

இதுவரைக்கும் மற்றவர்கள் எனக்குச் செய்ததைச் சொன்னேன். இனி சொல்லப்போவது நான் செய்தது.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் சாயங்காலம் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் குசினிக்குள் வந்து நின்றாள்.

"ம்மா, நான் நாட்டிக்கல் சயின்ஸ் போட்டுமா? கப்பல் படிப்பு."

அவளிடம் என் பழைய கதையை நான் சொன்னதே இல்லை. பழைய துறைமுகத்தையும் ஆபீஸில் மாட்டியிருக்கும் கப்பல் படங்களையும் பார்த்து வளர்ந்ததில் அவளுக்குத் தானாக வந்த ஆசை அது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பொம்பளப் புள்ளைக்குக் கப்பல் எதுக்கு?"

அப்பாவின் அதே சொற்கள், அதே இழுப்பு. தோசைக்கரண்டி கையில் அப்படியே நின்றது. எத்தனை மாலுமிப் பட்டியல் அடித்திருப்பேன்! இருபத்திரண்டு பேர் என்றால் இருபத்திரண்டு பேரும் ஆண்கள். அந்தப் பட்டியலில் என் மகளின் பெயரை ஒரு கணம் வைத்துப் பார்த்தேன், பயந்துவிட்டேன். பயம் என்று சொன்னால் பாதி உண்மை. எனக்குக் கிடைக்காதது இவளுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுமா என்ற எரிச்சலும் அதில் ஒரு சொட்டு இருந்தது. பெற்ற மகள்மேல். எழுதவே கூசுகிறது.

அவள் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. நுழைவுத் தேர்வு எழுதினாள், தேறினாள். கலந்தாய்வுக்கு என் செல்போன் எண்ணையும் என் ஈமெயிலையும் கொடுத்திருந்தாள். முதல் சுற்றில் இடம் வரவில்லை. இரண்டாம் சுற்று முடிவு வரும் வாரத்தில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்காக அவள் அப்பாவோடு பெரியதாழைக்குப் போயிருந்தாள். நான் ஆபீஸில் இருந்தேன். செய்தி வந்தது. இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, இரண்டு நாளைக்குள் உறுதி செய்யவும்.

நான் அதை அழித்தேன். ஈமெயிலையும் தேடி அழித்தேன்.

அன்று ராத்திரி அவள் போன் செய்து, "மெசேஜ் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "வரல" என்றேன். மறுநாளும் கேட்டாள். "வரல." கல்யாண வீட்டு இரைச்சலில் அதற்குமேல் அவள் கேட்கவில்லை. திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது நாள் கடந்துவிட்டது. இடம் வந்து, உறுதி செய்யாததால் போய்விட்டது என்று இருந்தது. மெசேஜ் அனுப்பாமல் விட்டவர்களைத் திட்டித் தீர்த்து, என் மடியில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன். அப்போது என்னைப் பார்த்திருந்தால் உலகத்திலேயே நல்ல தாய் என்று சொல்லியிருப்பீர்கள்.

கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "பயந்துபோய்ச் செஞ்சிட்ட. சரிதான்" என்றார்.

மகளை இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்.ஸி. சேர்த்தோம். நாலு மாதம் போனது. அவள் போய் வருவாள், சாப்பிடுவாள், படுப்பாள். சிரிப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் முடியாது என்று ஆனது. குழாயை அடைத்தேன்.

"மெசேஜ் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அவள் கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தாள். "ஏன்?"

"பயம்."

"எனக்காகப் பயமா, உனக்காகப் பயமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் அப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அவ கேக்கதும் சரிதானே" என்றார். இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் சரியான இடத்தில் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. மறு வருஷம் தன் சொந்த எண்ணைக் கொடுத்து மறுபடி விண்ணப்பித்தாள். இந்தத் தடவை என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் தேதியைச் சொன்னாள். ரயிலேற்றிவிடப் போனோம். பெட்டியைத் தூக்க நான் கை நீட்டினேன். "நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

படிப்பை முடித்தாள். ஆனால் படிப்பு மட்டும் போதாது. ஏதாவது ஒரு கம்பெனி பயிற்சிக்குக் கப்பலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளோடு படித்த பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். இவள் மாதக்கணக்காக வீட்டில் இருந்தாள். பயிற்சிக்கு வரும் கேடட் பெண் என்றதும் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள். அதோடு சரி.

எங்கள் மேனேஜருக்குக் கப்பல் முதலாளிகள் சிலரைப் பழக்கம். அதுவரை அவரிடம் நான் எந்த உதவியும் கேட்டதில்லை. போய் நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? லேடி கேடட்னா ஓனர்ஸ் யோசிக்காங்க. தனி கேபின் கேக்கணும், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாம பதில் சொல்லணும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மேடம் இந்த ரிஸ்க்? இங்கன நம்ம ஆபீஸ்லயே போட்ருவோம். நீங்க ரிட்டயர் ஆனா உங்க சீட்டுலயே உக்காந்துக்கிடட்டும்."

என் சீட்டில். இருபத்தைந்து வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலியை என் மகளுக்கு வரமாகக் கொடுக்கிறார்.

"ஏலே" என்றேன்.

மேனேஜரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. ஆபீஸில் அதற்கு முன்னால் என் வாயிலும் வராத சொல் அது. ஆனால் வந்துவிட்டது. பிறகு எதையும் அடக்க முடியவில்லை.

"ஏலே, மேனிஃபெஸ்ட்னா என்னன்னு தெரியாம இங்கன வந்து முழிச்சிக்கிட்டு நின்னியே, உனக்கு யாருலே சொல்லிக்கொடுத்தா? நீ ஏறுன ஒவ்வொரு கப்பலுக்கும் காகிதம் போட்டது யாரு? உனக்குக் கால் வழுக்காது, என் மவளுக்கு வழுக்குமோ? அவளுக்கு இந்த நாற்காலி வேண்டாம். எனக்கும் வேண்டாம். நாளையிலேருந்து கப்பலுக்கு நான் போறேன். பாஸ் போடு. போடலன்னா ரெண்டு கப்பல் நிக்கி, நீயே காகிதம் போட்டுக்க."

வீட்டுக்கு வந்து வேலை போய்விட்டது என்றே சொன்னேன். மறுநாள் ஆபீஸுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் அவரே போன் செய்தார். கப்பல் இரண்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. அடுத்த வாரம் என் படத்தோடு துறைமுகப் பாஸ் வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று கப்பல் ஏறுகிறேன். நாற்பத்தேழு வயதில் முட்டு வலிக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஏறியிருந்தால் வலித்திருக்காது. பாஸ் வாங்கிவிட்டாயே, இன்னும் என்ன கோபம் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

மகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது நானும் இல்லை, மேனேஜரும் இல்லை. அவளே கம்பெனி கம்பெனியாக எழுதிப்போட்டு, மும்பையில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டு, குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் கப்பலேறினாள்.

அவள் கப்பலேறிய செய்தி தெருவில் பரவியது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எண்பது வயது தாண்டிவிட்டது, கம்பு ஊன்றித்தான் நிற்கிறார். சுற்றி நாலைந்து பேர். "பேத்தி கப்பல் ஆபீசர்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க ரத்தம். நான் அன்னைக்கே சொன்னேன், நம்ம வீட்டுப் புள்ளைக கடலுக்குன்னே பொறந்ததுன்னு."

கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. "அப்பா, எங்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? பொம்பளப் புள்ளைக்குக் கப்பல் எதுக்குன்னு கேக்கலியா? அந்தப் பேப்பர்ல முள்ள ஒதுக்கலியா?"

அப்பா என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "நானா? நான் எதுக்குளா அப்படிச் சொல்லப்போறேன்? நீ பி.காம்தானே படிக்கணும்னு நின்ன?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. நான் வாழ்நாள் முழுக்கச் சுமந்தது அவர் தலையில் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் போல. மறந்துபோனவரிடம் எதைக் கேட்பது? பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "வயசான மனுசன்ட்ட போயி என்னம்மா" என்றார். அவரையும் முறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மகளிடமிருந்து போன் அபூர்வமாகத்தான் வரும். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் கட்டும்போது கூப்பிடுவாள். போன வாரம் பேசினாள். தினமும் துருச் சுரண்டும் வேலை, உள்ளங்கையெல்லாம் காப்புக் காய்த்துவிட்டது என்றாள். முதல் பத்து நாள் வாந்தியாம், அதன்பிறகு நின்றுவிட்டதாம். கூட இருக்கிற அதிகாரி ஒருவர், பெண்களுக்கு இதெல்லாம் தாங்காது என்று சாப்பாட்டு மேசையில் அவள் காதுபடச் சொல்கிறாராம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு அவன்? கம்பெனிக்கு எழுது. இல்ல நான் எழுதுதேன். பேரச் சொல்லு."

"ம்மா" என்றாள். "நீ ஒண்ணும் எழுத வேண்டாம். எனக்குக் கோவம் இருக்கு. நானே பாத்துக்கிடுதேன்." பிறகு, "உம்மேல இருக்கதும் இன்னும் போகல. அதையும் சொல்லிருதேன்" என்றாள்.

"போக வேண்டாம். வச்சிக்க" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. டூட்டி என்று சொல்லி வைத்துவிட்டாள்.